சாய விரலும் நின்றுபோன எண்ணும்

டேய் கண்ணா,

"அன்புள்ள மகனுக்கு" என்று ஆரம்பித்து அழித்துவிட்டேன். அப்படி எழுதினால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீ பயப்படுவாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டு வலிக்கிறது, அது பழைய கதை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்ல கீறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதென்னடா மீட்டிங், அப்பா போனதிலிருந்து முடியாமல் நடக்கிற மீட்டிங்? பாலிடெக்னிக்கில் ஊரார் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்தே தொண்டை வறண்டவள் நான். பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசக் கடிதம்தான் எழுத வேண்டும் என்றால் எழுதிவிட்டுப் போகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உன் அப்பா சொல்வாரே, "டீச்சர் ஆரம்பிச்சா மணி அடிச்சாத்தான் நிறுத்தும்."

ஞாயிற்றுக்கிழமை மெர்சி வந்திருந்தாள். பெங்களூரிலிருந்து பெரணமல்லூருக்குத் தன் வீட்டைப் பார்க்க வந்தவள், அங்கிருந்து பஸ் பிடித்து நேராக இங்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரேயடியாகக் கொட்டினாள். "அத்தை, கல்யாணத்த தள்ளி வெச்சா எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இன்னும் ஒரு வருசம்கூட ஆவட்டும். ஆனா அவரு தள்ளி வெக்கல, வேணாம்னே சொல்றாரு. ‘என்ன நம்பி யாரும் இருக்கக் கூடாது மெர்சி’ன்றாரு. கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதுற வேலையே வேணாம்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு." சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்த பிள்ளை இப்படிச் சொன்னால் யார்தான் அழமாட்டார்கள்? அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது எழுதினால் கை ஓடாது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசிவிடலாம். பேசாமலேயே இருந்து இருந்துதான் அது இத்தனை பெரிதாகிவிட்டது. அப்பாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். கடையில் விற்கிற கருவியை வாங்கிவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. உள்ளங்கை அகலக் கணினிப் பலகை ஒன்றில் லினக்ஸ் போட்டு, விரலில் மாட்டும் சென்சார் ஒன்றை இணைத்து, நீயே டிரைவர் எழுதி, நீயே புரோகிராமும் எழுதி, ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து அப்பா கட்டில் பக்கத்தில் வைத்தாய். அங்கே பெங்களூரில் உன் போனிலும் இங்கே என் போனிலும் அந்த எண் பச்சையாகத் தெரியும். தொண்ணூறுக்குக் கீழே போனால் சிவப்பாகி அலறும். அப்பாவுக்கு ஒரே பெருமை. தன் சாயப்பட்டறைக்கு நூல் கொண்டுவருகிறவர்களை எல்லாம் வீட்டுக்குள் கூட்டி வந்து காட்டினார். "என் உசுரு பெங்களூர்ல என் புள்ள பாக்கெட்ல கீது பாத்துக்கோ" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன், வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள். சென்சாரோடு நேராகப் பேசுவது டிரைவர் மட்டும்தான். அது இயங்குதளத்தின் நடு அறையான கர்னலுக்குள்ளே உட்கார்ந்திருக்கும். நாம் எழுதுகிற சாதாரணப் புரோகிராமுக்கு உள்ளே போக வழி கிடையாது, வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும். டிரைவர் ஒரு கோப்பை வெளியே நீட்டும். புரோகிராம் அதைத் திறந்து படித்துக்கொள்ளும். இதை நீ ஒன்பதாவது படிக்கும்போது நம் வீட்டுப் பழைய கணினியில்தான் முதலில் பார்த்தாய். கணினியின் சூடு எவ்வளவு என்று சொல்லும் கோப்பு ஒன்றைத் திறந்துவிட்டு, "இன்னாமா இது, எத்தன தடவ தொறந்தாலும் வேற வேற நம்பர் வருது, யாரு உள்ள உக்காந்துகினு எழுதறாங்க?" என்று கேட்டாய். அந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கேயும் இல்லை, நீ கேட்கிற அந்த நொடியில்தான் டிரைவர் ஓடிப்போய் சென்சாரைக் கேட்டு எண்ணைக் கொண்டுவருகிறது என்றேன். "அப்போ நாம கேக்காதப்ப அந்த நம்பர் எங்க இருக்கும்?" என்றாய். எங்கேயும் இருக்காது என்றேன். உன் முகம் வெளுத்துப்போனது. அன்றைக்கு முழுக்க என் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாய். அப்பா, "பேய்க்கதைய சொல்லி புள்ளய பயமுறுத்தாத டீச்சர்" என்று என்னைத் திட்டினார்.

பெட்டி வைத்த மறுநாளே பேஜார் ஆரம்பித்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? எண்பதுக்கும் கீழே காட்டி அலறியது. நீ அங்கிருந்து கத்துகிறாய், "அம்மா, ஜல்தியா ஆட்டோ கூப்பிடு." நான் செருப்புகூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால் இவர் பட்டறை ஆள் கோவிந்தனோடு உட்கார்ந்து மசால் வடை தின்றுகொண்டிருக்கிறார். கிளிப் விரலில் இருக்கிறது, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "இன்னா டீச்சர், தலைதெறிக்க ஓடியார?" என்கிறார். விஷயம் என்னவென்று கண்டுபிடிக்க உனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. சென்சார் விரலுக்குள் சிவப்பு வெளிச்சத்தை விட்டு, திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்துத்தான் ரத்தத்தைக் கணக்குப் பார்க்கிறது. இவர் விரலோ காலமெல்லாம் சாயத்தொட்டியில் ஊறிய விரல். அந்த வாரம் ராமர் நீல நூல் போட்டிருந்தார்கள். நகம், நகக்கண், விரல் ரேகை எல்லாம் கருநீலம். உன் வெளிச்சம் ரத்தத்துக்குப் போவதற்குள் சாயமே அதைக் குடித்துவிட்டது. உலகத்தில் அந்தச் சென்சாரைச் செய்தவன் எவனும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் விரலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

உறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நூல் சாயம் வாங்கியதா இல்லையா என்று உறைக்குள்ளிருந்து எப்படித் தெரியும் என்றார். கால் விரலில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னாய். "மெட்டியாடா?" என்று கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாயம் மங்கின நாளில் எண் சரியாக வரும். புதுச் சாயம் ஏறிய நாளில் திடீரென்று விழும், அல்லது ஒன்றுமே வராது. அலறல் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்கு வேலை ஓடவில்லை. கடைசியில் நீ புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாய். எண் கணக்கிட முடியாதபடி வந்தால், அல்லது நம்ப முடியாதபடி விழுந்தால், சாயம் மறைக்கிறது என்று எடுத்துக்கொள். கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டு. ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவதால் அந்த நல்ல எண்ணை எழுதிச் சேமித்தும் வைத்துக்கொள்ளச் செய்தாய். போனில் சொன்னாய், "இனிமே சும்மா சும்மா கத்தாதுமா." அப்பா பக்கத்திலிருந்து, "அப்படிச் சொல்றா என் ராஜா" என்றார். நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன். யாருக்கும் தெரியாமல் செய்த காரியம் இல்லை அது, மூன்று பேரும் சேர்ந்து சந்தோஷப்பட்ட காரியம். அந்த எண் எப்போது வந்த எண் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆடி மாதம் அந்த மத்தியானம். பட்டறைக்குப் போய்விட்டு வந்து, ரசம் சோறு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, பின் அறையில் போய்ப் படுத்தார். கிளிப்பை நான்தான் மாட்டிவிட்டேன். முன் அறையில் பாடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்காக உட்கார்ந்திருந்தேன். போன் மேஜைமேல் இருந்தது. தொண்ணூற்று நான்கு. பாடம் நடத்தும்போது அவ்வப்போது பார்ப்பேன், தொண்ணூற்று நான்கு. இன்றைக்கு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது கண்ணா. நடுவில் ஒரு சுவர்தான். பிள்ளைகள் போன பிறகு காபி போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கூப்பிட்டேன். தொட்டேன். டம்ளர் எங்கே விழுந்ததென்று எனக்கு நினைவில்லை. அவர் விரலில் அந்தச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

உன்னைக் கூப்பிட்டேன். அப்பா போயிட்டாருடா என்றேன். நீ சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. "இல்லியேமா, தொண்ணூத்தி நாலு காட்டுதே." குழந்தை மாதிரி சொன்னாய். அதற்கு நான் சொன்ன பதிலும் என் காதில் இருக்கிறது. "நீ பாத்துகினுதான இருந்த?" என்றேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அதற்குப் பிறகு நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், மொட்டை அடித்துக்கொண்டாய், காரியம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அத்தனை நாளும் பின் அறைப்பக்கம் போகவே இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் உன்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கவில்லை.

அவரைக் குளிப்பாட்டக் கிளிப்பைக் கழற்றிய பிறகும் என் போனில் தொண்ணூற்று நான்கு இருந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது இருந்தது. சுடுகாட்டிலிருந்து நீங்கள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்போதும் இருந்தது. பெட்டியைப் பிடுங்கிப் போட யாருக்கும் கை வரவில்லை. அந்த அறையைச் சாத்தியே வைத்தேன். சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். உள்ளே யாரோ இருப்பது போலவே இருக்கும். மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண் மறைந்துபோனது. சரி, போய்விட்டார், இனிமேல் நானும் அழுது முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. போனில் பச்சையாக வந்து நின்றது, தொண்ணூற்று நான்கு. நீதான் எழுதிச் சேமிக்கச் செய்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது மெர்சி சொன்ன இன்னொன்று. "அத்தை, மத்தியானம் ஆனா போதும், சாப்பாட்ட எதுர்ல வெச்சிகினு போனையே பாத்துகினு இருக்காருங்க. சோறு ஆறிப் போவுது. ஒருநாள் எட்டிப் பாத்தேன், தொண்ணூத்தி நாலுன்னு பச்சையா இருந்துது. ‘பாரு மெர்சி, அப்பா நல்லாத்தான் இருக்காரு’ன்னு சிரிக்கிறாரு." நான் அவளிடம் ஆச்சரியப்பட்டது போலக் கேட்டுக்கொண்டேன். உண்மையில் எனக்கு முன்பே தெரியும். பெட்டியோடு யார் வந்து இணைகிறார்கள் என்பதை முன் அறைக் கணினியிலிருந்தே பார்க்கலாமே. தினமும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பெங்களூரிலிருந்து ஒரு இணைப்பு வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். அதைப் பார்க்கத்தான் நானும் தினமும் அந்த நேரத்துக்கு உட்கார்ந்தேன். நீ வீட்டுக்கு வருவது அந்த வழியாக மட்டும்தான். பெட்டியை அணைத்தால் நீ அப்படிக்கூட வரமாட்டாயே என்றுதான் நான் அணைக்கவில்லை. செத்துப்போன மனுஷனின் எண்ணை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

மெர்சியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்மேல், என்மேல், அந்தப் பெட்டிமேல். மறுநாள் காலையில் பின் அறைக் கதவைத் திறந்தேன். கீபோர்டை மாட்டி, டிரைவர் நீட்டுகிற கோப்பை நேராகப் படிக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. என் புருஷன் விரலைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லையாம்! அந்தச் சென்சாரைத் தொடுகிற உரிமையை உன் புரோகிராமுக்கு மட்டும் கொடுத்துவைத்திருந்தாய், பாடம் படித்த பிள்ளை சரியாகத்தான் செய்திருந்தாய். எனக்கும் அந்த உரிமையைக் கொடுத்துக்கொண்டு மறுபடி படித்தேன். வெளிச்சத்தின் எண்கள் வரிசையாக வந்தன. கிளிப் காலியாகத்தானே கிடக்கிறது, அதனால் எல்லாம் அடியில் கிடந்தன. என் விரலை வைத்தேன். எண்கள் சட்டென்று மேலே வந்து, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி, நாடி துடிப்பது அப்படியே தெரிந்தது. டிரைவர் எதையும் மறைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி வெளியே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அன்றைக்கு மத்தியானமும் சொல்லியிருக்கும்.

பிறகு நேராகப் பட்டறைக்குப் போனேன். கோவிந்தன்தான் இப்போது நடத்துகிறான், வேலை நன்றாகவே ஓடுகிறது. கல்யாண சீசன் ஆர்டர், தொட்டியில் கருநீலம் கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்து ஆறவைத்த கிண்ணத்தில் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "இன்னாம்மா இது, நீங்க போயி வெரல விட்டுகினு! கூப்டா நான் வரமாட்டனா?" என்று பதறினான். சும்மா இரு கோவிந்தா, ஒரு சோதனை செய்கிறேன் என்றேன். "டீச்சருக்கு ஏதோ ஆயிப்போச்சு" என்று அவன் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கருநீல விரலைக் கிளிப்பில் வைத்தேன். நான் உயிரோடுதான் இருக்கிறேன், மூச்சு விடுகிறேன், படபடவென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. டிரைவர் கோப்பில் அலை தெரியவில்லை, தெரிந்த கொஞ்சமும் தாறுமாறாக இருந்தது. போனைப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு. உன் அப்பா எண்ணை எனக்குக் காட்டியது. விரலை எடுத்தேன், தொண்ணூற்று நான்கு. வைத்தேன், தொண்ணூற்று நான்கு.

அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது கண்ணா. உன் புரோகிராமுக்குச் சாயம் ஏறிய விரலும் உயிர் போன விரலும் ஒன்றுதான். அது இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அத்தனை தூரத்திலிருந்து பார்த்த உனக்கும் தெரிந்திருக்க வழியில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரியவில்லையே. "நீ பாத்துகினுதான இருந்த" என்று நான் கேட்டேனே, அதற்குப் பதில் இதுதான்: ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், காட்டியதைப் பார்த்தாய். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. அலறியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீ என்னைக் கேட்பாய். தூக்கத்திலேயே நின்றுபோயிருக்கும், எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆறுதலா, எனக்குத் தெரியாது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். இதைத் தெரியாமலேதான் நாம் இரண்டு பேரும் மிச்ச நாளை ஓட்ட வேண்டும். உன்னால் முடியாது என்று நினைக்கிறாய். தனியாக என்றால் என்னாலும் முடியாது.

ஒரு வரி தப்பாக எழுதியதற்காக இனி எழுதவே மாட்டேன் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது தண்டனை இல்லை, திமிர். உன் வரியில் இருந்த குறை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பழைய எண்ணைக் காட்டியது தப்பில்லை. அது பழைய எண் என்று சொல்லாமல் காட்டியதுதான் தப்பு. என்னைக் கேட்டால் இந்த வீட்டில் அந்த வழக்கம் உனக்கு முன்பே இருந்தது. உன் அப்பாவை எப்போது கேட்டாலும் "ஜோரா கீறேன்" என்பார். முந்தின வாரம் நன்றாக இருந்ததை வைத்துக்கொண்டு இந்த வாரமும் அதையே சொல்வார். நீ இப்போது மெர்சியிடம் "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறேன்" என்று சொல்கிறாயாமே, அது அவர் குரல்தான். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அந்த நொடியில் எப்படி இருக்கிறாயோ அதைச் சொல். ஒன்றும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அவளையும் தினம் தினம் புதிதாகக் கேள். அவளைப் பற்றி அப்பாவிடம் முதன்முதலாகச் சொல்ல நீ எத்தனை பயந்தாய்! சர்ச்சுக்குப் போகிற பெண் என்று நான்தான் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் தொட்டியிலிருந்து தலைகூட நிமிரவில்லை. "அந்தப் பொண்ணு நம்ம புள்ள மொகத்த பாத்து நேரா பேசுதா? அது போதும் எனக்கு" என்றார். பேசுகிறாள். உன் முகத்தைப் பார்க்கத்தான் நீ விடமாட்டேன் என்கிறாய்.

இன்றைக்குக் காலையில் உன் புரோகிராமைத் திறந்தேன். உன்னைக் கேட்கவில்லை. உன் அம்மாவுக்கு அந்த உரிமை உண்டு. பழைய எண்ணை வைத்துக்கொள்ளும் வரியை எடுத்தேன், சேமித்த எண்ணையும் அழித்தேன். அலை வந்தால் மட்டும் எண் காட்டு, எப்போது வந்தது என்பதையும் சேர்த்துக் காட்டு, வராவிட்டால் இல்லை என்று சொல். இதை எழுதக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. ஓட்டத்தான் மனசு வரவில்லை. ஒரு பொத்தானை அழுத்துவதற்கு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன், அடுப்பில் பாலை இறக்கி வைத்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். அழுத்தினேன். பச்சை போய்விட்டது. "விரல் இல்லை" என்று வந்தது. ஆடி மாதத்தில் அழாத அழுகையை எல்லாம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மத்தியானம் ஆகப் போகிறது. இதை ஈமெயிலில் அனுப்பிய கொஞ்ச நேரத்தில் நீ சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு போனைத் திறப்பாய். தொண்ணூற்று நான்கு இருக்காது. தொண்ணூற்று ஏழு இருக்கும், தொண்ணூற்று ஆறு ஆகும், மறுபடி ஏழாகும். பயப்படாதே. அது நான்தான். சாயம் படாத கையை வைத்திருக்கிறேன், அதனால்தான் ஒற்றைக் கையால் இதை எழுதி முடிக்க இத்தனை நேரம் ஆகிறது. நீ கூப்பிடும்வரை விரலை எடுக்க மாட்டேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்த்தது போதும்டா. நான் எப்படி இருக்கிறேன் என்று கேள்.

அம்மா